பத்து முதல் பதினான்கு வயது வரை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: இந்த வயதில் பிள்ளை நம்மிடம் எவ்வளவு பேசுகிறது என்பதைவிட, ஒரு சிக்கல் வந்தால் முதலில் நம்மிடம் வருமா என்பதே முக்கியம்.

போன வருஷம் வரைக்கும் என் பின்னாடியே சுத்தினவ, இப்போ ரூம் கதவைச் சாத்திக்கிறா. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

இல்லை. 10, 11 வயதில் உடல் மாறத் தொடங்குகிறது. உடை மாற்றவும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவும், சும்மா படுத்து யோசிக்கவும் தனியிடம் தேவைப்படுகிறது. அம்மா என்ன நினைப்பாள் என்பதைவிட வகுப்புத் தோழிகள் என்ன நினைப்பார்கள் என்பது பெரிதாகத் தெரிகிறது. வளர்ச்சியில் இதெல்லாம் சேர்ந்ததுதான். கதவைத் தட்டி, பதில் வந்த பிறகு உள்ளே போங்கள். தனி அறை இல்லாத வீடாக இருந்தால், மற்றவர் கை வைக்காத ஒரு அலமாரித் தட்டாவது அவளுக்கென்று இருக்கட்டும்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. உங்களிடம் மட்டுமல்லாமல் தோழிகளிடமும் பேசுவதை நிறுத்தி, சாப்பாடும் தூக்கமும் மாறி, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டு, இப்படியே இரண்டு வாரம் போனால் அது வயதுக் கோளாறு இல்லை. மருத்துவரிடம் பேச வேண்டும்.

"ஸ்கூல் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "ம்"ங்கிறான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. எப்படிப் பேச வைக்கிறது?

முதலில் நேரம். ஆறேழு மணி நேரம் பெஞ்சில் அடங்கி உட்கார்ந்துவிட்டுப் பசியோடு வருபவனிடம் வாசலிலேயே கேள்வி கேட்டால் "ம்" தான் வரும். ஒரு தோசையோ சுண்டலோ கொடுத்துவிட்டு, 20 நிமிடம் எதுவும் கேட்காமல் விடுங்கள். அடுத்தது கேள்வி. "எப்படி இருந்துச்சு" என்பதற்கு "நல்லா" என்று ஒரே பதில்தான் உண்டு. "இன்னிக்கு பி.டி. பீரியட் விட்டாங்களா, இல்ல மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டாரா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், கோபமும் இருக்கும்.

மூன்றாவது, உட்காரும் விதம். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, துணி மடிக்கும்போது, வெண்டைக்காய் நறுக்கும்போது இதே பிள்ளைகள் தாமாகவே பேசுகிறார்கள். பேச ஆரம்பித்தால் அறிவுரையை எடுக்காதீர்கள். "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும். "இப்போ நான் சும்மா கேட்கணுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பல வீடுகளில் பேச்சு நின்றுபோவதற்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளை மதியம் சொன்னதை அம்மா மாலையில் சித்தியிடம் போனில் சிரித்துக்கொண்டே சொல்வார். பக்கத்து அறையில் அது காதில் விழும். அன்றோடு முடிந்தது. உங்களிடம் சொன்னது உங்களிடமே இருக்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் மற்றவரிடம் சொல்ல நேரும் என்பதையும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. பீரியட்ஸ் பத்தி இப்பவே சொல்லணுமா? பயந்துட மாட்டாளா?

தெரியாமல் பள்ளிக் கழிவறையில் ரத்தத்தைப் பார்ப்பதுதான் பயம். முன்பே தெரிந்த பிள்ளை அவ்வளவு பயப்படுவதில்லை. மார்பு அரும்பத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் தொடங்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளையாகக் கசிவு தெரியும். ஆகவே மார்பு அரும்புவதைப் பார்த்த உடனே முதல் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். கடையில் நாப்கின் வாங்கும்போது இரண்டு வார்த்தை, அடுத்த வாரம் இன்னும் இரண்டு வார்த்தை போதும்.

வாயால் சொன்னால் மட்டும் போதாது, கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஒரு நாப்கினைப் பிரித்து, பின்னால் உள்ள காகிதத்தை உரித்து, ஒரு பழைய உள்ளாடையில் ஒட்டி, சிறகுகளைக் கீழ்ப்புறமாக மடித்துக் காட்டுங்கள். பிறகு அவளே இன்னொன்றைச் செய்து பார்க்கட்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் எவ்வளவு தாங்கும் என்பதும் புரியும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நனையவில்லை என்று நாள் முழுக்க ஒன்றையே வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தொடை உரசிப் புண்ணாகிறது. பள்ளிப் பையில் ஒரு சின்ன ஜிப் பை இருக்கட்டும்: இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, பழையதைச் சுற்ற நான்கு துண்டு செய்தித்தாள். எந்த டீச்சரிடம் போய்ச் சொல்வது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவையுங்கள்.

முதல் இரண்டு வருடம் மாதாமாதம் சரியாக வராது. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால், 7 நாளுக்கு மேல் போனால், வலியில் பள்ளிக்கே போக முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். 8 வயதுக்கு முன் மார்பு அரும்பினாலும், 13 வயதாகியும் அரும்பாவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்ட வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுத்துப் போகும் என்று முன்பே சொல்லிவிட்டால் அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்த மாட்டாள்.

சடங்கு வேணாம்னு பொண்ணு அழுறா. மாமியார் பத்திரிகையே அடிக்கணும்கிறாங்க. என்ன பண்றது?

பெரியவர்களுக்கு இது சீர், தாய்மாமன் முறை, கொடுத்த மொய்யைத் திரும்ப வாங்கும் நாள். பிள்ளைக்கோ, தன் உடம்பில் நடந்தது ஊருக்கே தெரிகிற நாள். வகுப்புப் பையன்கள் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் பயம். "எது பிடிக்கல?" என்று கேட்டால் முழு விழாவையும் சொல்ல மாட்டார்கள், பேனர், மேடை, வீடியோ என்று இரண்டு மூன்றைத்தான் சொல்வார்கள்.

அதை வைத்துப் பேசலாம். வீட்டோடு தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சீர் வாங்கி, பேனரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இல்லாமல் முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மாமியாரிடம் இதைப் பேச வேண்டியவர் அவருடைய மகன்தான். அதற்குப் பிறகும் பிள்ளை உறுதியாக வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மொய்க் கணக்கைக் கல்யாணத்தில் நேர் செய்துகொள்ளலாம். எதைச் செய்தாலும், தனியாக உட்கார வைத்துத் தனித் தட்டு கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். சாதாரணமாக நடக்கும் ஒன்றுக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்றது? அவங்க அப்பா இந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடுறார்.

அம்மாவே சொல்லலாம், மாமா, சித்தப்பா யாரும் சொல்லலாம். யாரும் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. பெண் பிள்ளைக்காவது ஒரு நாள் வந்து பேச வைத்துவிடுகிறது. பையனுக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை, அவன் போனில் தேடித் தெரிந்துகொள்கிறான். 9 முதல் 14 வயதுக்குள் விதைப்பை பெரிதாவதில் மாற்றம் தொடங்கும். பிறகு முடி, குரல் உடைதல், தூக்கத்தில் விந்து வெளியேறுதல். காலையில் படுக்கை ஈரமானதைப் பார்த்து நோய் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் போர்வையைத் தானே துவைக்கும் பிள்ளைகள் நிறைய. "இது எல்லா ஆம்பளப் பசங்களுக்கும் நடக்கும், நோய் இல்ல, சத்து போகாது" என்ற மூன்று செய்தியை அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சத்து போய்விடும், நரம்பு தளர்ந்துவிடும் என்று இரவு நேரத் தொலைக்காட்சியில் பேசி மருந்து விற்பவர்களின் பேச்சில் உண்மை இல்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள். ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு இந்த வயதில் மார்புக் காம்பின் அடியில் லேசாக வீங்கி வலிக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். திடீரென்று விளையாட்டில் சட்டையைக் கழற்ற மறுப்பதற்கும், கூன் போட்டு நடப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

ராத்திரி 11 ஆனாலும் தூங்க மாட்டேங்கிறான். காலையில எழுப்புறதுக்குள்ள சண்டை. சோம்பேறித்தனம்தானே?

பாதிதான் பழக்கம், மீதி உடம்பு. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் ஓரிரு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 வயதிலிருந்து 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். வேன் ஏழேகாலுக்கு வருகிறது, ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் 12 வயது வரை ஒன்பதுக்குள்ளும், 13 வயதிலிருந்து ஒன்பதரைக்குள்ளும் விளக்கை அணைத்தாக வேண்டும். டியூஷன் எட்டரை வரை போகிறது என்றால் மாற்ற வேண்டியது டியூஷன் நேரத்தை.

மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் போடப்படட்டும். அப்பா போன் உட்பட. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், பத்து மணி வரை விட்டால் திங்கட்கிழமை மறுபடி சண்டைதான். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது இந்த வயதுக்குப் பொருந்தாது. தூக்கம் கெட்டால் படித்தது நிற்காது.

போன் எப்போ வாங்கித் தரலாம்? ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்லதான் வருது.

வகுப்பு குரூப்பில் பெற்றோர் எண்ணைக் கொடுங்கள். அதற்காகப் பிள்ளைக்குத் தனிப் போன் தேவையில்லை. பேருந்தில் தனியாகப் போய் வரும் பிள்ளைக்குப் பட்டன் போன் போதும். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13. வயதை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கினால் சிறுவர்களுக்கான பாதுகாப்பு அமைப்புகள் வேலை செய்யாமல் போகும். அதனால்தான் பிறந்த வருடத்தைச் சரியாகப் போடச் சொல்கிறோம்.

ஸ்மார்ட்போன் கொடுக்கும் நாளில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தே எல்லாவற்றையும் அமையுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம்: தினசரி நேர வரம்பு, இரவில் தானாகப் பூட்டுதல், புதிய ஆப் போட உங்கள் அனுமதி. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஜிபே பின் எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கேமில் பணம் போய்விட்டது என்று வருபவர்களில் பலரும் "அவசரத்துக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்" என்கிறார்கள். அப்படிப் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தாமதமானால் கிடைப்பது கடினம்.

அவளுக்குத் தெரியாம போனை எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். பார்த்தது என்றாவது தெரியவரும். அன்றிலிருந்து இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்கும், அது உங்களுக்குத் தெரியாது. போன் கொடுக்கும்போதே "வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்; எந்த ஆப் இருக்கு, யார் புதுசா சேர்ந்திருக்காங்கன்னு மட்டும்; தோழிகளோட பேச்சைப் படிக்க மாட்டேன்" என்று சொல்லி, அதையே கடைப்பிடியுங்கள். 13, 14 வயதில் மாதம் ஒருமுறையாகக் குறைக்கலாம். யாரோ மிரட்டுகிறார்கள், உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. அப்போதும் "நான் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பையன் அசிங்கமான வீடியோ பார்த்திருக்கான். கை கால் நடுங்குது. அவங்க அப்பாகிட்ட சொன்னா கொன்னுடுவார்.

முதலில் நீங்கள் ஆற வேண்டும். அன்றைக்கே பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பல பிள்ளைகள் தேடிப் போவதில்லை. நண்பன் அனுப்பியது, விளம்பரத்தை அழுத்தியதில் திறந்தது. "உன் போன்ல இந்த மாதிரி வந்ததைப் பார்த்தேன். திட்டப் போறதில்ல. எப்படி வந்துச்சு?" என்று தொடங்குங்கள். பிறகு இரண்டு செய்தி: இது நடிப்பு, இதில் காட்டுவது மாதிரி யாரும் நடந்துகொள்வதில்லை, பெண்ணின் சம்மதம் என்பதே இதில் இருக்காது. தன் வயதுப் பிள்ளைகளின் படமாக இருந்தால் வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள். அடித்துவிட்டால் வீடியோவை நிறுத்த மாட்டான். உங்களுக்குத் தெரியாமல் பார்க்கக் கற்றுக்கொள்வான்.

எதிர்த்துப் பேசறா. "உனக்கு ஒண்ணும் தெரியாது"ங்கிறா. அடிக்காம எப்படி அடக்குறது?

சொன்ன கருத்தையும் சொன்ன விதத்தையும் பிரித்துப் பாருங்கள். "எனக்கு டான்ஸ் கிளாஸ் பிடிக்கல" என்பது கருத்து, அதைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. "போ, லூசு" என்பது வசவு. "கிளாஸ் பத்திப் பேசலாம். 'லூசு'ன்னு சொல்றது இந்த வீட்டுல கிடையாது. அரை மணி கழிச்சு வா" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு நகருங்கள். அந்த அரை மணியில் பின்னாலேயே போய் இன்னொரு சுற்று ஆரம்பிக்கக் கூடாது. பெரும்பாலும் சண்டை வளர்வது இந்த இடத்தில்தான்.

மாற்றவே முடியாத விதிகள் மூன்று நான்கு போதும்: எங்கே போகிறாய் என்று சொல்வது, இரவு போனை ஹாலில் வைப்பது, கை நீட்டாமல் இருப்பது, இப்படி. முடி, உடை, அறை அலங்கோலம் இவற்றில் விட்டுக்கொடுங்கள். தண்டனை தவறோடு சேர்ந்ததாகவும் சின்னதாகவும் இருக்கட்டும். போனை ராத்திரி ஒளித்து வைத்திருந்தால் மறுநாள் போன் இல்லை. ஒரு மாதத்துக்கு எல்லாமே இல்லை என்று சொன்னால் மூன்றாம் நாள் நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.

மார்க் ஷீட்ல என் கையெழுத்தை அவனே போட்டிருக்கான்!

மார்க்கைக் காட்டுவதற்குப் பயந்திருக்கிறான். கையெழுத்து போட்டதற்கு ஒரு தண்டனை இருக்கட்டும்: டீச்சரிடம் அவனே போய்ச் சொல்ல வேண்டும், நீங்கள் கூட நில்லுங்கள். பிறகு மார்க்கை வீட்டில் எப்படி வரவேற்கிறீர்கள் என்று பாருங்கள். "எதிர் வீட்டு சஞ்சய் எவ்வளவு?" என்பது முதல் கேள்வியாக இருந்தால் அடுத்த தேர்விலும் இதுதான் நடக்கும். விடைத்தாளை வாங்கி, தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாதது என்று மூன்றாகப் பிரித்து அவனையே எழுதச் சொல்லுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

எட்டாவது படிக்கிறான், ஸ்கூட்டி கேக்குறான். தெருவுக்குள்ளதானே, கொடுக்கலாமா?

கூடாது. 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது ஆக வேண்டும், மற்றவற்றுக்கு 18. 2019 திருத்தச் சட்டப்படி சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அவங்க அப்பா துபாய்ல இருக்கார். வீடியோ கால் வந்தாலே பிள்ளைங்க ஓடிடுதுங்க.

வாரம் முழுக்க நடந்த குற்றங்களை அம்மா வரிசையாகச் சொல்ல, அப்பா அங்கிருந்து திட்டுவதற்கான நேரமாக அந்த அழைப்பு மாறியிருக்கும். புகாரைக் கணவன் மனைவி தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பத்து நிமிடம், மற்றவர் பக்கத்தில் இல்லாமல். இங்கே இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி. ஷிஃப்ட் முடிந்து வர அந்த நேரம் ஒத்துவரும். "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு நின்றுவிடாமல், சேர்ந்து செய்ய ஒன்று வையுங்கள்: ஆன்லைனில் ஒரு செஸ் ஆட்டம், ஒரே மேட்சை இருவரும் பார்ப்பது, ஒரு கணக்கு. பிள்ளையின் நண்பர்கள் நான்கு பேரின் பெயர் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொண்ணோட போட்டோவை வச்சு யாரோ மிரட்டுறான். எங்க போறது, மானம் போயிடுமே?

அவள் உங்களிடம் சொன்ன அந்த நிமிடம் முக்கியம். "ஏன் அனுப்பினே?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு, இனி நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு வரிசையாக: பணமோ இன்னொரு படமோ அனுப்பக் கூடாது. எதையும் அழிக்கக் கூடாது. அவனுடைய கணக்குப் பெயர், எண், மிரட்டிய செய்தி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை மாமாவுக்கோ வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சிறுவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் படம் இன்னொரு கைக்குப் போய்விடுகிறது.

சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் சிறுவர் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வந்து வாங்க வேண்டும். பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையில், படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலே அதன் எண் அடையாளம் மட்டும் பதிவாகி, சேர்ந்துள்ள தளங்கள் அதைத் தேடி நீக்கும். புகாரைப் பதிந்த பிறகு அவனை பிளாக் செய்யுங்கள். அன்றிரவு பிள்ளை தனியாகப் படுக்க வேண்டாம்.

கோபம் வந்தா "செத்துப் போறேன்"ங்கிறா. சும்மா மிரட்டுறாளா, நிஜமா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபம் அடங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்ட பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசுகிறார்கள். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். யோசித்திருக்கிறேன் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, எலிமருந்தை அப்புறப்படுத்துங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. கையில் கீறல்கள் தெரிந்தாலும், வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தாலும் இதே வழிதான்.

14 ஆச்சு. ரெண்டு வருஷமா சண்டைதான், இப்போ பேச்சே இல்ல. இனிமே சரி பண்ண முடியுமா?

முடியும், மாதக்கணக்கில் ஆகும். மன்னிப்பிலிருந்து தொடங்குங்கள், குறிப்பாக: "எல்லாத்துக்கும் சாரி" என்று சொல்லாமல், "உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி உன்னை அடிச்சேன், அது தப்பு" என்று. அதோடு "ஆனா நீயும்" என்று சேர்க்காதீர்கள். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். போகட்டும், மறுபடி இழுக்க வேண்டாம்.

அடுத்த மூன்று வாரம் படிப்பைப் பற்றியும் போனைப் பற்றியும் நீங்களாக எடுக்காமல், தினமும் ஒரு சின்ன வேலையை மட்டும் அவனோடு சேர்ந்து செய்யுங்கள். டியூஷனிலிருந்து கூட்டி வருவது, வழியில் ஒரு பரோட்டா. பேசாமலே சாப்பிட்டு வந்தாலும் சரி. நேராகச் சொல்ல முடியாததை வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதலாம். பல பிள்ளைகளுக்கு அதில் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது. பாட்டியோ மாமாவோ யாரிடமாவது அவன் இன்னமும் பேசுகிறான் என்றால் அந்த வழியை அடைக்காதீர்கள், அவரிடம் போய் "என்ன சொன்னான்" என்று விசாரிக்கவும் வேண்டாம்.